பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட்: ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டி முதல் சாயல்குடி வரை நம் கடலோரத்தில் வெளிநாட்டு உறவு இல்லாத தெரு அபூர்வம். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கம் துபாயும் சவுதியும் மலேசியாவும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பஹ்ரைனுக்கும் குவைத்துக்கும் மீன்பிடி வேலைக்குப் போனவர்கள். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஊரில் இருக்கும் தாயின் தலையில்தான் விழுகிறது. கணவர் விடுப்பில் வரட்டும் என்று காத்திருப்பவர்களும், யாரிடமோ மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு அலைபவர்களும் இன்னும் நிறைய இருக்கிறார்கள். இரண்டுக்கும் அவசியம் இல்லை. தாயே முன்னின்று முடிக்கக்கூடிய வேலை இது. அந்தத் தைரியத்தைக் கொடுக்கத்தான் இந்தப் பக்கம்.

கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டுமா? தாயின் பாஸ்போர்ட்டில் சேர்க்க முடியாதா?

முடியாது. முன்பு தாய் அல்லது தகப்பன் பாஸ்போர்ட்டில் பிள்ளையின் பெயரை எழுதும் வழக்கம் இருந்தது. இப்போது பிறந்த குழந்தைக்கும் தனிப் புத்தகம்தான். உம்ராவுக்குத் தூக்கிக்கொண்டு போகும் ஆறு மாதக் குழந்தைக்கும் இதே விதி.

எத்தனை ஆண்டு செல்லும்?

ஐந்து ஆண்டு, அல்லது பிள்ளைக்கு 18 வயது நிறையும் நாள், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை. 15 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள் விரும்பினால் பெரியவர்களுக்கான கட்டணத்தைக் கட்டிப் பத்தாண்டு பாஸ்போர்ட்டே வாங்கிக்கொள்ளலாம்.

எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? மதுரைக்குப் போயே ஆக வேண்டுமா?

நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. அதற்காக மதுரைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ராமநாதபுரத்திலேயே அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் அல்லது அதன் கைபேசிச் செயலியில் பிள்ளையின் பெயரில் விண்ணப்பத்தை நிரப்பி, கட்டணம் கட்டி, நாளும் நேரமும் குறித்துக்கொள்ள வேண்டும். ராமநாதபுரத்தில் நாள் தள்ளித்தான் கிடைக்கிறது என்றால் மதுரையைப் பார்க்கலாம். கட்டிய கட்டணம் ஓராண்டு வரை செல்லும். அதற்குள் குறித்த நாளை மூன்று முறை மாற்றிக்கொள்ள இடம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் அதையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

முதலில் எந்தக் காகிதத்தைச் சரிபார்க்க வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ். விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே இதைக் கையில் எடுத்து, கண்ணாடி போடுபவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் படியுங்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைக்குப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்பு இறப்புப் பதிவாளரோ மாநகராட்சியோ அல்லது பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி அதிகாரம் பெற்றவரோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ் ஒன்றைத்தான் ஏற்பார்கள். பாஸ்போர்ட் விதிகளில் 2025-இல் கொண்டுவந்த திருத்தம் இது. அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்ற வேறு சில சான்றுகளும் செல்லும். ஆனாலும் பிறப்புச் சான்றிதழோடு போவதே நல்லது.

நம் பக்கம் அடிக்கடி இடறும் இடங்கள் இரண்டு. ஒன்று, பெயர் இல்லாத சான்றிதழ். பிறந்து 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பெயர் சூட்டியதும் அதைப் பதிவேட்டில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். "பெயர்" என்ற இடம் வெறுமையாக இருக்கும் சான்றிதழ் பாஸ்போர்ட்டுக்கு உதவாது. ஓராண்டுக்குள் என்றால் கட்டணம் இல்லாமலே பெயரைச் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணம் உண்டு.

மற்றொன்று, எந்த ஊரில் பதிந்தது என்பது. பிறப்பைப் பதிவது பிள்ளை பிறந்த இடத்தில்தான், குடியிருக்கும் இடத்தில் இல்லை. ராமேஸ்வரத்துப் பெண் பிரசவத்துக்கு மதுரை மருத்துவமனைக்குப் போயிருந்தால் சான்றிதழும், அதில் திருத்தமும் மதுரை மாநகராட்சியில்தான் கிடைக்கும். ராமேஸ்வரம் நகராட்சியில் நின்று பயனில்லை.

பெயரை எப்படி எழுதுவது? இனிஷியல் போடலாமா?

போடக் கூடாது. பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை, அதை விரித்து முழுப் பெயராகத்தான் எழுத வேண்டும். விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் பலர் இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அப்படி விடாதீர்கள். பிள்ளை ஆயிஷா, தகப்பனார் அப்துல் காதர் என்றால் முதல் கட்டத்தில் ஆயிஷா, குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்துல் காதர். கவின், அந்தோணி என்று எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இதே முறைதான்.

இதில் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு வருபவர்களை ஏற்கமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் ஏற்கிறோம் என்று பிறகு தளர்த்தினார்கள். இருந்தாலும் விமான நிலையத்தில் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லும் நிலை யாருக்கும் வரக் கூடாது. முதல் பாஸ்போர்ட்டிலேயே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

அடுத்தது ஆங்கில எழுத்து. முகமது என்ற பெயரைப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எம் போட்டு எழுதியிருப்பார்கள், ஆதாரில் இரண்டு எம் இருக்கும், பள்ளியில் ஓ-வுக்குப் பதில் யு இருக்கும். சரிபார்க்கும் மேசையில் அலுவலர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேனா முனையை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டு போவார். பேனா நின்ற இடத்தில் உங்கள் விண்ணப்பமும் நின்றுவிடும். எல்லாவற்றையும் பிறப்புச் சான்றிதழுக்குப் பொருந்தும்படி முதலிலேயே திருத்துங்கள். பிறப்புச் சான்றிதழே தவறு என்றால் அதிலிருந்து தொடங்குங்கள். பெற்றோரின் பெயரும் இப்படித்தான்: தாயின் பாஸ்போர்ட்டில் ஒரு விதமும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமும் இருக்கக் கூடாது.

கணவர் சவுதியில் இருக்கிறார். அவர் வராமல் பிள்ளைக்கு எடுக்க முடியுமா?

முடியும். எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குத் தாய், தகப்பன் இருவருடைய சம்மதமும் கேட்கப்படுகிறது. அதற்கான உறுதிமொழிப் படிவத்துக்கு இணைப்பு டி என்று பெயர். இருவரும் ஊரில் இருந்தால் வெள்ளைத் தாளில் அச்செடுத்து இருவரும் கையெழுத்திட்டால் முடிந்தது. நோட்டரி முத்திரை, மாஜிஸ்திரேட் கையெழுத்து எதுவும் வேண்டாம், 2016 டிசம்பரிலேயே அதை எடுத்துவிட்டார்கள். முத்திரைத்தாள் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தகப்பனார் வெளிநாட்டில் இருந்தால், ஊரில் இருக்கும் தாய் இணைப்பு டி-யில் கையெழுத்திட வேண்டும். தகப்பனார் தாம் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் சம்மதத்தை உறுதிமொழிப் பத்திரமாக எழுதிச் சான்றொப்பம் பெற்று அசலை ஊருக்கு அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்செடுத்துக் கொடுத்தால் எடுபடாது. ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிடுவதுதான் நம் ஊர்களில் வழக்கம், அதுவே போதும். அவருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா ஆகியவற்றின் நகல்களையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள்.

நேரம் எடுப்பது அந்தப் பத்திரம்தான். ரியாத்திலோ ஜித்தாவிலோ இருப்பவர் ஒரு நாள் விடுப்பெடுத்துப் போய்விடுவார். பாலைவனத்து முகாமில் வேலை செய்பவருக்கு அது லேசில்லை. ஆகவே பிள்ளையை அழைத்துப்போகும் பேச்சு எழுந்த அன்றே அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். விடுப்பில் ஊருக்கு வருகிறவராக இருந்தால் வந்த முதல் வாரத்திலேயே கையெழுத்து வேலையை முடித்துவிடுங்கள். கல்யாணம், கந்தூரி, விருந்து என்று நாள் ஓடி, அவர் பெட்டி கட்டும்போதுதான் பலருக்குப் பாஸ்போர்ட் நினைவு வருகிறது.

கணவரிடமிருந்து சம்மதம் வாங்கவே வழியில்லை என்றால்?

அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது, இணைப்பு சி. ஒருவர் சம்மதம் கிடைக்காத நிலையில் மற்றவர் மட்டும் கையெழுத்திட்டுக் காரணத்தைச் சொல்லும் உறுதிமொழி அது. விட்டுப் போனவர், பிரிந்து வாழ்பவர், இருக்கும் இடம் தெரியாதவர், சம்மதிக்க மறுப்பவர் என எல்லாருக்கும் இதுவே வழி. விவாகரத்தாகி நீதிமன்றம் பிள்ளையைத் தாயின் பொறுப்பில் விட்டிருந்தால் அந்த உத்தரவின் நகலை வைக்க வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதை மறைக்காமல் எழுத வேண்டும். தகப்பனார் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ்.

நம் கரையில் இன்னும் இரண்டு நிலைமைகள் இருக்கின்றன. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால் இறப்புச் சான்றிதழ் உடனே கிடைக்காது. ஏழாண்டு தகவல் இல்லாதவரைத்தான் சட்டம் பொதுவாக இறந்தவராகக் கொள்கிறது. அந்த ஏழாண்டும் பிள்ளையின் பாஸ்போர்ட் காத்திருக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்தில் பதிந்த புகாரின் நகலோடு, அவர் இருக்கும் இடம் தெரியவில்லை என்று இணைப்பு சி-யில் எழுதுங்கள். இலங்கைக் கடற்படை பிடித்துப்போய்ச் சிறையில் இருப்பவரின் மனைவிக்கும் அதே படிவம்தான் கைகொடுக்கும். அவர் கைதான விவரம் உள்ள காகிதம் எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். அலுவலர் கேட்கும்போது தயங்காமல் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், இது உங்கள் உரிமை.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு ஒரு செய்தி: விண்ணப்பத்தில் தாய் அல்லது தகப்பன் யாராவது ஒருவர் பெயர் இருந்தால் போதும்.

எங்கள் இருவருக்குமே பாஸ்போர்ட் இல்லை. பிள்ளைக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். பெற்றோருக்குச் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால், அதில் கணவன் மனைவி பெயரும் ஏறியிருந்தால், பிள்ளைக்குப் பொதுவாகக் காவல்துறை விசாரணை இல்லாமலே கொடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் விசாரணை இருக்கும், சில நாள் கூடும். பத்தொன்பது வயதில் தனிக்கட்டையாகப் பாஸ்போர்ட் எடுத்துப் போனவரின் புத்தகத்தில் மனைவி பெயர் இருக்காதுதான். அதற்காக விண்ணப்பம் நின்றுவிடாது. திருமணப் பதிவுச் சான்றிதழ் இருந்தால் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். ஜமாஅத் பதிவோ தேவாலயப் பதிவோ இருக்கிறதே என்று அதை விட்டுவிட்டவர்கள் இனியாவது பதிந்துவிடுங்கள்.

விசாரணைக்குக் காவல்துறைக்குக் கொடுக்க வேண்டிய கட்டணம் எதுவும் கிடையாது.

கட்டணம் எவ்வளவு?

பிள்ளைகளுக்கு 1,000 ரூபாய். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் முதல் பாஸ்போர்ட்டுக்குப் பத்து சதவீதம் குறைத்து 900 ரூபாய். தட்கலில் அவசரமாக வேண்டும் என்றால் 2,000 ரூபாய் கூடுதல். பத்தாண்டு பாஸ்போர்ட் கேட்கும் 15 வயதுக்கு மேற்பட்டவருக்கு 1,500 ரூபாய். எல்லாமே இணையத்தில் கட்டுவது.

குறித்த நாளில் என்ன கொண்டுபோக வேண்டும்? பிள்ளையும் வர வேண்டுமா?

பிள்ளை கட்டாயம் வர வேண்டும். தாய், தகப்பன் யாராவது ஒருவர் கூட இருந்தால் போதும். பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், பெற்றோரின் பாஸ்போர்ட், இணைப்பு டி அல்லது சி, கட்டணம் கட்டிய ரசீது ஆகியவற்றின் அசலும் நகலும். நகல்களில் பெற்றோரே கையெழுத்திடலாம். முகவரிச் சான்றாகப் பெற்றோரின் பாஸ்போர்ட்டே செல்லும், ஆனால் அதில் இருப்பது இப்போது குடியிருக்கும் முகவரியாக இருக்க வேண்டும். மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு வீடு மாறியிருந்தால் முதலில் ஆதாரில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்கு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் படத்தை நாம்தான் எடுத்துப் போக வேண்டும்: 4.5 × 3.5 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி. கைக்குழந்தையைப் படம் எடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. வெளுத்த வெள்ளை விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைத்து, சன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து எடுத்தால் நிழல் விழாது. வயிறு நிறைந்து, விழித்துக் கிடக்கும் நேரமாகப் பாருங்கள். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பிடித்திருக்கும் பெரியவரின் கை படத்தில் தெரியக் கூடாது. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் கண் மையையும் துடைத்துவிட்டு எடுங்கள். படம் எடுத்த பிறகு பொட்டை இன்னும் பெரிதாக வைத்துக்கொள்ளலாம்.

நான்கு வயதுக்கு மேல் என்றால் மையத்திலேயே படம் எடுப்பார்கள். வெள்ளைச் சட்டை போட்டு அழைத்துப் போகாதீர்கள், பின்னணியோடு கலந்துவிடும்.

பழைய பாஸ்போர்ட் முடியப்போகிறது. எப்போது புதுப்பிக்கலாம்?

முடிவதற்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம். பல நாடுகள் பயண நாளில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. ஆக ஐந்தாண்டுப் பாஸ்போர்ட்டை நாலரை ஆண்டுப் பாஸ்போர்ட் என்றே கணக்கு வையுங்கள். கோடை விடுமுறைக்குத் தகப்பனாரிடம் போகத் திட்டம் இருந்தால் மார்கழி, தை மாதத்திலேயே தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.

இதில் பழைய புத்தகத்தில் தேதியை நீட்டிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. மறுவெளியீடு என்ற பிரிவில் விண்ணப்பித்தால் புது எண்ணோடு புதுப் புத்தகம் வரும். பழைய புத்தகத்தின் அசலும், முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகலும் வேண்டும். முதல் முறை கொடுத்த பெற்றோர் சம்மதம் இதற்கும் செல்லாது. இணைப்பு டி-யைத் திரும்பவும் கொடுக்க வேண்டும், தகப்பனார் வெளிநாட்டில் என்றால் தூதரகப் பத்திரமும் திரும்பவும் வேண்டும். இதைத் தெரியாமல் பழைய காகிதங்களின் நகலோடு போய்த் திரும்பி வருபவர்கள் பலர்.

பழைய புத்தகத்தை ரத்து முத்திரையிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். தூக்கிப் போடாதீர்கள். காலம் முடியாத விசா அதில் இருந்தால் பயணத்தில் இரண்டு புத்தகமும் வேண்டும். பிள்ளைக்கு வளைகுடாவில் குடியிருப்பு அனுமதி இருந்தால், அங்குள்ள பதிவில் புதிய பாஸ்போர்ட் எண்ணை மாற்றச் சொல்லித் தகப்பனாரிடம் உடனே தெரிவியுங்கள்.

பதினெட்டு வயது ஆகும்போது என்ன மாறும்?

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில், வேலைக்கு வெளிநாடு போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற முத்திரை இருக்காது. பெரியவரானதும் அந்தச் சலுகை போய்விடும். அப்போது பொதுவாகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழ் இருந்தால்தான் முத்திரை இல்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். முத்திரை இருப்பவர் சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி பெற்றாக வேண்டும். எட்டாவதோடு நிறுத்திவிட்டு வல்லத்தில் ஏறும் பையன்களின் பெற்றோரிடம் இதை மன்றாடியே சொல்கிறேன்: பத்தாம் வகுப்பை முடிக்க வையுங்கள். தனித்தேர்வராக எழுதியாவது தேறிவிடட்டும்.

பிள்ளை துபாயில் பிறந்தது. ஊருக்கு வந்து எடுக்கலாமா?

அங்கேயே முடிக்க வேண்டும். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்தால்தான் வம்சாவழிக் குடியுரிமை உறுதியாகும். ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி கேட்க வேண்டிவரும். பிள்ளை ஊருக்குப் பயணம் செய்யவே பாஸ்போர்ட் வேண்டுமே, ஆகவே இரண்டையும் ஒன்றாக முடித்துக்கொண்டு வாருங்கள்.

மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு?

இந்தியக் குடிமக்களுக்குத்தான் இந்தியப் பாஸ்போர்ட். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்த நாள் முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவருக்குத் தாய், தகப்பன் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தவருக்கு இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த முதல் வகையில். இன்று முகாமில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மூன்றாவது வகைக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படிக்கும் அந்தப் பிள்ளைகளின் நிலை மாற வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால் சட்டம் அறிந்த ஒருவரிடம் காகிதங்களைக் காட்டி ஆலோசனை பெறுங்கள்.

கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் பிள்ளையை அழைத்துப் போகப் பாஸ்போர்ட் வேண்டுமா?

வேண்டாம். அந்தோணியார் திருவிழாவுக்குப் போகும் இந்திய யாத்ரீகர்களுக்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்று 1974 ஒப்பந்தமே சொல்கிறது. ராமேஸ்வரத்தில் முன்கூட்டியே பெயர் பதிந்து, அடையாள அட்டையோடு படகேறினால் போதும். யாழ்ப்பாணத்து உறவினரைப் பார்க்க நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகிறவர்களுக்கு அப்படி இல்லை. அதற்குக் கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட் வேண்டும்.

யாரிடமாவது கொடுத்து விண்ணப்பிக்கலாமா?

கணினி பழக்கமில்லாதவர்கள் இ-சேவை மையத்தில் நிரப்பச் சொல்லலாம், தவறில்லை. உங்கள் கைபேசி எண்ணையே கொடுங்கள், எல்லாச் செய்தியும் அதற்குத்தான் வரும். அரசின் இணையதள முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடியும். அப்படி முடியாத போலித் தளங்கள் பல இருக்கின்றன, பார்ப்பதற்கு அச்சாக அரசுத் தளம் போலவே இருக்கும். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றையும் நீங்களே படியுங்கள்.

பாஸ்போர்ட் வீட்டுக்கு வருமா?

விரைவுத் தபாலில் வரும். அனுப்பியதும் கைபேசிக்குச் செய்தி வரும், தபால் எண்ணை வைத்து எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். கைக்கு வந்த அன்றே பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிடுங்கள். அச்சில் தவறு இருந்தால் பயணம் செய்யாமல், டிக்கெட்டும் எடுக்காமல், உடனே மதுரை அலுவலகத்துக்குத் தெரிவித்துத் திருத்தம் கேளுங்கள்.